பிளாங்க் அக்கா எழுதிய பூஜ்யம்

கல்லூரியில் வேதியியல் துறை ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். பீக்கரை உடைத்தவன், ஆசிட்டைச் சிந்தியவன், வாங்கிப்போன தெர்மாமீட்டரைத் தொலைத்துவிட்டு, தன் கையெழுத்து மேலேயே விரலை வைத்துக்கொண்டு நான் வாங்கவே இல்லை என்று சாதித்தவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஸ்டோர்க்காரரிடம் போவதற்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போகலாம் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடிக் குச்சியைக்கூட உடைக்காமல், வாங்கியதை வாங்கியபடி திருப்பிக் கொடுத்த ஆள் ஒன்றே ஒன்று. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்கிற சாக்கில் என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும்.

முதல் மாடிச் சோதனைக்கூடத்தில் அவள் உதவியாளர். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. என்னைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் துறை முழுவதற்கும் அவள் 'பிளாங்க் அக்கா'. ஊரோடு ஒத்துப்போய் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். அவள் என்னை அண்ணே என்பாள். "நான் உங்களுக்கு அக்கா, நீங்க எனக்கு அண்ணன், இது என்ன கணக்குண்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள். அவளுக்கு ஜோக் அடிக்க வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு வருஷத்துக்கு வேறு ஜோக் வரவில்லை.

பிளாங்க் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீரில் மருந்து கலந்து, அதில் என்ன நடக்கிறது என்று அளக்கிறீர்கள். அதற்கு முன்னால் மருந்தே போடாத வெறும் தண்ணீரை, அதே பாத்திரத்தில், அதே மாதிரி அளந்து பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று வர வேண்டும். அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் பிளாங்க் என்று பெயர். அது சரியாக வராவிட்டால் மற்ற எல்லா அளவும் குப்பை. சுத்தமான கையால் சுத்தமான பாத்திரத்தில் ஒன்றுமில்லாததைப் பிடித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆள் அவள்தான்.

அவள் பாத்திரம் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவனுக்குப் பொறுமை போய்விடும். சோப்பில் இரண்டு தடவை, குழாய்த் தண்ணீரில் மூன்று, வடிகட்டிய தண்ணீரில் இரண்டு. பிறகு ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். கண்ணாடிமேல் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். எங்கேயாவது முத்து முத்தாக நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முத்து நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. என்னம்மா, கல்யாணப் பொண்ணைக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுறியே என்பேன். சிரிக்க மாட்டாள்.

கல்யாணம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது, அம்மாவும் போய்விட்டார். ஒரே தங்கை, அவளும் கணவனோடு வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போனில் பேசுவாள், அதில் எட்டு நிமிஷம் தன் பிள்ளைகள் படிப்பைப் பற்றி. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அக்கா தனியாக இருந்தாள். சோதனைக்கூடத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு என் ஸ்டோருக்கு வருவாள். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். நான் ஓயாமல் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன், அவள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். ஒரு நாளில் அவள் வாய்விட்டுப் பேசுகிற நேரம் அந்த அரைமணிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முக்கால்வாசி நேரம் நானேதான் பேசினேன்.

துறைத்தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோருக்கும் அவர் 'சார்'. மூச்சில் உறிஞ்சுகிற மருந்துகள் இருக்கிறதல்லவா, அவற்றை மிக நுண்ணிய துளியாகத் தெளித்தால் சில மருந்துகள் உடைந்து பெராக்சைடு உண்டாகிறது என்பது அவர் எண்ணம். பெராக்சைடு என்றால் புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான். அதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டை வரும். தண்ணீரில் முக்கினால், பெராக்சைடு இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். எவ்வளவு நீலம் என்று டப்பாமேல் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தெளிக்கிற கருவி வந்தது. முடியைவிட மெல்லிய துளையுள்ள குழாய், அதைச் சுற்றி இன்னொரு குழாய். உள்ளே தண்ணீர், வெளியே சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் வாயு. வாயு சீறி வரும்போது தண்ணீர் புகையாகிவிடும். ஒரு துளி என்று கண்ணால் பார்க்க முடியாது. அந்தப் புகையை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, சேர்ந்த தண்ணீரைப் பட்டையில் விட வேண்டும். மருந்து கலந்த தண்ணீரைத் தெளித்தார்கள். பட்டை நீலமானது. சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா வழக்கம்போல பிளாங்க் எடுத்தாள், மருந்தே இல்லாத வெறும் தண்ணீர். அதுவும் நீலமானது.

கொஞ்சம் இளநீலம்தான். ஆனால் வெள்ளை இல்லை.

சார் வாசலில் நின்றபடியே, கழுவினது சரியில்லை, திரும்பக் கழுவுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கழுவினாள். நீலம். சோப்பை மாற்றினாள். நீலம். என்னிடம் வந்து புதுக் குடுவை, புதுக் குழாய், புது வாயு சிலிண்டர், சீல் பிரிக்காத புதுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போனாள். நானும் வாய் சும்மா இல்லாமல், அடுத்து புது ஸ்டோர்க்காரரும் வேணுமா என்று கேட்டு வைத்தேன். எல்லாம் புதுசாக இருந்தும் பட்டை நீலமாகவே வந்தது. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அவளுடைய கை.

மூன்று வாரம் இதையே பிடித்துக்கொண்டு நின்றாள். சார் சொல்லி அல்ல, அவளாகவே. தெளிப்பதற்கு முன்னால் அதே தண்ணீரில் பட்டையை விட்டால் வெள்ளை. குடுவையில் ராத்திரி முழுக்கச் சும்மா வைத்திருந்த தண்ணீரிலும் வெள்ளை. வாயுவைக் குறைத்துத் துளியைப் பெரிதாக்கினால் வெள்ளை. வாயுவைக் கூட்டித் துளியைப் பொடிப்பொடியாக்கினால் நீலம். இன்னும் பொடியாக்கினால் இன்னும் நீலம்.

மத்தியானம் டப்பாவைத் திறக்காமலே என்னிடம் சொன்னாள். "அண்ணே, தண்ணி பெருசா இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கு. ரொம்பச் சின்னதாக்கினா என்னமோ பண்ணுது."

சின்னதாக்கினா எல்லாருக்கும்தான் கோபம் வரும் என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு விஷயம் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, அந்தச் சந்தோஷம். அந்த ஆள் நான். எனக்கு வேதியியலில் பாட்டில் மேல் ஒட்டிய சீட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

பதினொரு பட்டைகளை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் வாயு எவ்வளவு என்று எழுதி, அதை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள். அன்றைக்கு நான் கொள்முதல் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அந்த அறைக் கதவருகே நின்றிருந்தேன். உள்ளே ஆய்வுத்திட்டத்தைப் பார்வையிட வந்த வெளியாட்கள் இரண்டு பேர். சார் அந்தத் தாளைப் பார்த்தார். வெறும் தண்ணீரே நீலமாகிறது என்றால் அவருடைய மருந்துக் கதை என்ன ஆவது? முகம் கடுகடுத்துப் போயிற்று. வந்தவர்களிடம், எங்க உதவியாளருக்கு இருபது வருஷத்துக்கு அப்புறம் பாத்திரம் கழுவக் கத்துக்கொடுக்க வேண்டியிருக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பிளாங்க்னா ஜீரோ. கழுவிட்டு ஜீரோன்னு எழுதுங்க. இந்தப் பக்கத்தையெல்லாம் எடுத்துட்டுப் புது நோட்டுல முதல்ல இருந்து எழுதுங்க. எழுத முடியாதுன்னா சொல்லுங்க, எழுதுற ஆளைப் பாத்துக்கிறேன்."

ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. பட்டை ஒட்டிய தாள் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அவள் என்னைக் கடந்து வெளியே போனாள். முகத்தில் ஈயாடவில்லை. நான் உள்ளே போய்ப் பதிவேட்டை நீட்டினேன். சார் கையெழுத்துப் போட்டார், தேங்க்யூ சார் என்றேன்.

அன்றிலிருந்து பிளாங்க் நோட்டில் பூஜ்யம்தான். வெளியில் பார்த்தால் எல்லாம் பழையபடி. உள்ளே அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் ஸ்டோர் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல் கேட்டாள். "அண்ணே, ஒரு தடவை மேல வந்து நீங்க செஞ்சு பாருங்களேன். நான் எதையும் தொட மாட்டேன். தள்ளி நின்னு சொல்றேன், நீங்க கழுவுங்க, நீங்க தெளிங்க. உங்க கையாலயும் நீலமா வந்தா அது தண்ணி. வெள்ளையா வந்தா..."

மீதியைச் சொல்லவில்லை. வெள்ளையாக வந்தால் அது தன் கை என்றுதான் அர்த்தம். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் இன்னொருவருடைய கை, ஒரு மணி நேரத்துக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருப்புக் கணக்கெடுப்பு நடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் இன்னொன்று சொன்னேன். நான் அங்கே போய்த் தெளித்துக்கொண்டிருப்பதைச் சார் பார்த்துவிட்டால் என் தலை உருளுமே என்று பயம். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

அப்புறம் அவள் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். சார் படித்தவர், இத்தனை வருஷமாக அவர் சொல்லித் தப்பானது இல்லை, ஆகவே கையில்தான் ஏதோ இருக்கிறது. உறை போட்டாள். உறைக்குள் உறை போட்டாள். எதையெதையோ போட்டுத் தேய்த்ததில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிற்று. மத்தியானம் ஸ்டோருக்கு வருவதை நிறுத்தினாள். என் கை பட்டு உங்க பொருள் கெட்டுடும் என்று காரணம் சொன்னாள். ஆளை விடு என்று நானும் விட்டுவிட்டேன். கவிழ்த்த பெட்டி கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது, பிறகு அதில் புனல்களை அடுக்கினேன்.

சாரின் கட்டுரை வெளிவந்தது. மருந்து நீலம், வெறும் தண்ணீர் பூஜ்யம். கடைசி வரியில் உதவியாளர்களுக்கு நன்றி. இரண்டாம் வருஷம் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தோல் வியாதி என்று காரணம் எழுதினார்கள். கடைசி நாளில் வாங்கிய பொருளையெல்லாம் கொண்டுவந்து மேஜையில் வைத்து, பதிவேட்டில் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் போனாள். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறப்போகிற சமயம், சார் மூச்சு வாங்க ஸ்டோருக்கு வந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அந்தப் படியிறங்கி வந்ததே இல்லை. கையில் ஏதோ அச்சடித்த தாள். எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்களாம். வெறும் தண்ணீரை மிக நுண்ணிய துளியாக்கினால், மருந்தும் வேண்டாம் மாயமும் வேண்டாம், துளியின் மேற்பரப்பிலேயே பெராக்சைடு தானாக உண்டாகிறதாம். குடத்துத் தண்ணீரில் நடக்காத வினையெல்லாம் பொடித்துளியில் நடக்கிறதாம். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்களாம், காற்றிலிருந்து ஏதோ கரைகிறது, வாயுவில் ஏதோ இருக்கிறது என்கிறார்களாம். அந்தச் சண்டையை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். யார் சொன்னதிலும் கழுவின கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு அவளுடைய வெடித்த விரல் இடுக்குதான் ஞாபகம் வந்தது. சாருக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஒரே பரபரப்பு. அக்கா வேலையை விடும்போது தன் பிளாங்க் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போனதாக யாரோ சொன்னார்களாம். வருஷக்கணக்கான பிளாங்க் அதில் இருக்கும், அந்தத் தேசத்துக்காரர்களுக்கு முன்னாலேயே நாம் பார்த்துவிட்டோம் என்று காட்டலாம் என்றார். அவள் வீடு உங்களுக்குத் தெரியுமாமே, வாங்க என்று காரில் ஏற்றிக்கொண்டார். தெரு தெரியும். வீட்டுக்குள் அதுவரை நான் போனதில்லை.

மாடிப்படி ஏறிப் போனோம். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஜன்னல் கம்பியில் ரப்பர் உறைகள் ஐந்தாறு ஜோடி காய்ந்துகொண்டிருந்தன. அக்கா இளைத்திருந்தாள், தலை நன்றாக நரைத்திருந்தது. சாரைப் பார்த்ததும் பதறி, நாற்காலியை ஒரு துணியால் பிடித்து இழுத்துப் போட்டாள். வெறும் கையால் தொடவில்லை. குடிக்கத் தண்ணீர் என்று கடையில் வாங்கிய சீல் பாட்டிலை, அதுவும் துணியால் பிடித்து, அவர் பக்கத்தில் வைத்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சார் விஷயத்தைச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்த நோட்டெல்லாம் எங்கே, எடுங்க என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆறு நோட்டு, அட்டை போட்டது. சார் புரட்டினார். பூஜ்யம். அடுத்த பக்கம், பூஜ்யம். அடுத்த நோட்டு, அதுவும் பூஜ்யம். தேதி, நேரம், வாயு அளவு எல்லாம் முத்து முத்தான எழுத்தில் இருந்தது, கடைசிக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம்.

"என்ன இது? நீலமா வந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? யாரு உங்களை ஜீரோ எழுதச் சொன்னது?"

நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. அந்த மனுஷருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்த இன்னொரு ஆள் நான். உடைந்த பீக்கருக்காக எத்தனை பேரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன், எத்தனை பேர் நடுங்கியிருக்கிறார்கள் இந்த வாய்க்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார். நானேதான் எழுதினேன்" என்றாள்.

சார் உச்சுக்கொட்டினார். எல்லாம் போச்சு என்று நோட்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு எழுந்தார். அவர் செருப்பை மாட்டும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ என் கை சுத்தமாத்தான் இருந்துச்சா சார்?"

போனில் எதையோ பார்த்துக்கொண்டே, அதுல என்னம்மா சந்தேகம், உங்க கை சுத்தம்தான் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாலு வருஷம் ஒரு மனுஷி தன்னையே தேய்த்துத் தேய்த்துக் கரைத்ததற்கு அவ்வளவுதான் பதில்.

நான் பின்னாலேயே இறங்கியிருக்க வேண்டியவன். கீழே ஹாரன் கேட்டது. நான் இறங்கவில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் மறுபடி கேட்டது, பிறகு கார் கிளம்பிப் போகிற சத்தம்.

"சார் அன்னைக்கு ஜீரோ எழுதச் சொன்னாருல்ல அண்ணே?" என்று கேட்டாள். "இல்ல, நானாத்தான் அப்படி நினைச்சுக்கிட்டேனா? இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு."

"சொன்னாரும்மா. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"அப்புறம் ஏண்ணே நீங்க சொல்லல?"

பூசி மெழுக ஆயிரம் வார்த்தை எனக்குத் தெரியும்.

"பயம்மா" என்றேன். "வேற என்ன."

"எனக்கும் அதேதான் அண்ணே" என்றாள்.